எல்லை தேடலும் நிலைத்து ஓடலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், ஏற்காட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்கு முதலில் ஒதுக்கிய தலைப்பு 'குறிஞ்சித் திணையும் சேர்வராயன் மலையும்' என்பதாகும். தமிழ் விரிவுரையாளர் ஒருத்தியை மலைக்கு அழைத்தால் குறிஞ்சியைப் பற்றிப் பேசச் சொல்வது இயல்பே. அத்தலைப்பில் முன்பே இரண்டு மூன்று மேடைகளில் பேசியிருக்கிறேன். அந்தக் குறிப்பேட்டையே தூசி தட்டி எடுத்து வந்திருந்தால் எனக்கும் எளிது. உங்களுக்கும் பழகிய சுவை. அவ்வாறு செய்ய மனம் ஒப்பாமல், வேறொன்றைப் பற்றிப் பேச இசைவு கேட்டேன். மோட்டார் பைக் பந்தயம் என்று சொன்னதும் அமைப்பாளர் ஒருவர் தொலைபேசியில் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அம்மா, கவிஞர்கள் வருவார்கள்" என்று மட்டும் சொன்னார். கவிஞர்கள் வருவார்கள் என்பதனாலேயே இதைப் பேச விரும்புகிறேன் என்றேன்.

காரணத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வீட்டு மேசைமேல் மூன்று மாதங்களாக ஒரு படிவம் கிடந்தது. என் மகனுக்குப் பதினாறு வயது. பந்தய ஓட்டத்திற்குப் பயிற்சியளிக்கும் ஓரிடத்தில் சேர விரும்புகிறான். வயது நிரம்பாதவன் ஆதலால் பெற்றோர் ஒப்பம் வேண்டும். ஆய்வேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தயங்காது ஒப்பமிட்ட இந்தக் கை, அந்த ஒற்றைத் தாளின்முன் மூன்று மாதம் நின்றுவிட்டது. இடைப்பட்ட காலத்தில் நான் படித்தவை, கேட்டவை, என் குடும்பத்தாரிடம் கேட்டறிந்தவை ஆகியவற்றின் தொகுப்பே இவ்வுரை. அறிஞர் உரையாக இதனைக் கொள்ள வேண்டா. ஒரு தாயின் உரையாகவும் மட்டும் கொள்ள வேண்டா.

பந்தயத்தைப் பற்றி அறியாதார் பொருட்டு அடிப்படையான செய்தி ஒன்றை முதலில் கூறுகிறேன். உலகக் கோப்பைப் பந்தயங்களில் ஓர் ஆண்டு முழுவதும் பல நாடுகளில் ஓட்டங்கள் நடைபெறும். ஒவ்வோர் ஓட்டத்திலும் முதலில் வருபவர்க்கு 25 புள்ளிகள், இரண்டாமவர்க்கு 20, மூன்றாமவர்க்கு 16, நான்காமவர்க்கு 13 என்று குறைந்துகொண்டே சென்று பதினைந்தாமவர்க்கு 1 புள்ளி கிடைக்கும். விழுந்தவர்க்கு ஒன்றுமில்லை. ஆண்டிறுதியில் கூட்டுத்தொகை மிகுந்தவரே வாகையர். இந்தக் கணக்கைச் சற்று உற்றுப் பாருங்கள். ஓர் ஓட்டத்தில் வென்று அடுத்ததில் விழுந்தவர்க்கு 25. இரண்டிலும் நான்காவதாக வந்தவர்க்கு 26. கணக்கு வாத்தியார் எவரிடம் கேட்டாலும், விழாமல் ஓடுவதே அறிவுடைமை என்பார்.

கணக்கு அவ்வாறே பலமுறை மெய்யாகியும் இருக்கிறது. 1999ஆம் ஆண்டில் 125 சி.சி. பிரிவில் எமிலியோ அல்சாமோரா என்னும் ஸ்பெயின் நாட்டவர் உலக வாகையர் ஆனார். அவ்வாண்டு அவர் ஓர் ஓட்டத்தில்கூட முதலாவதாக வரவில்லை. 227 புள்ளிகள் பெற்று, 226 புள்ளிகள் பெற்ற மார்கோ மெலான்ட்ரியை ஒரே ஒரு புள்ளியால் முந்தினார். 2006இல் பெரும் பிரிவில் ஐந்து ஓட்டங்களில் வென்ற வாலன்டினோ ரோசி இரண்டாம் இடத்தில் நின்றார். இரண்டே ஓட்டங்களில் வென்ற அமெரிக்கர் நிக்கி ஹேடன் பட்டம் பெற்றார். கடைசி ஓட்டத்திற்கு முன்னர் 8 புள்ளிகள் முன்னிலையில் இருந்தவர் ரோசியே. வலென்சியாவில் நடந்த அவ்வோட்டத்தில் அவர் தொடக்கத்திலேயே விழுந்தார். எழுந்து ஓட்டிப் பதின்மூன்றாவதாக வந்தார். ஹேடன் மூன்றாவதாக வந்தார். 252க்கு 247 என முடிந்தது. 2024ஆம் ஆண்டுச் செய்தி இன்னும் வியப்பூட்டுவது. இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ பன்யாயா பதினொரு பெரும் ஓட்டங்களில் வென்றார். ஸ்பெயினின் ஹோர்ஹே மார்ட்டின் வென்றவை மூன்றே. ஆயினும் 508க்கு 498 என்ற கணக்கில் பட்டம் மார்ட்டினுக்கே சென்றது. பன்யாயா ஒன்று வென்றார், அல்லது விழுந்தார்; மார்ட்டினோ விடாமல் இரண்டாம் இடத்திலும் மூன்றாம் இடத்திலும் வந்துகொண்டே இருந்தார்.

இவற்றையெல்லாம் என் மகனிடம் எடுத்துச் சொன்னேன். 'நிதானமே வெல்லும் என்பதற்குச் சான்று பார்' என்ற பெருமிதம் என் குரலில் இருந்திருக்க வேண்டும். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, அந்த இரண்டாம் இடம் என்பது முதலாமவருக்கு அரை நொடி பின்னால் வருவது. நீங்கள் சொல்லும் நிதானம் அதில் எங்கே இருக்கிறது?" என்றான். எனக்கு விடை தெரியவில்லை. என் தம்பியிடம் சென்றேன்.

என் தம்பி சேலத்தில் வண்டி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். இருபது ஆண்டுகளுக்கு முன்னர், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சிறு வண்டிப் பிரிவில் ஓடியவன். தமிழகத்தில் இவ்விளையாட்டிற்கு நீண்ட வரலாறு உண்டு. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம், போர்க்காலத்தில் அமைக்கப்பட்ட சோழவரம் விமான ஓடுபாதையில் பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. மக்கள் திரள் திரளாகச் சென்று பார்த்த அப்பந்தயங்களை என் தந்தையார் தலைமுறையினர் இன்றும் நினைவுகூர்வர். பின்னர் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் அமைந்தது. கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயர் தாங்கிய தடம் 2003இல் உருவாயிற்று. ஓசூரில் வண்டி செய்யும் நிறுவனம் 1982 முதல் தனக்கெனப் பந்தய அணியே வைத்திருக்கிறது. நாம் கவியரங்கம் நடத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நமக்கு அருகிலேயே இவ்வளவும் நடந்துகொண்டிருந்தது. நம் இலக்கியத்தில் இதன் தடம் எங்கேனும் உண்டா என்று தேடிப் பார்த்தேன். என் கண்ணுக்குப் படவில்லை. தேரோட்டத்தைப் பாடிய மரபினர் நாம் என்பதை இங்கே ஒருபுறமாகச் சொல்லி வைக்கிறேன்.

தம்பி எனக்கு விளக்கியதை, எனக்கு விளங்கிய அளவில் கூறுகிறேன். ஓடும் வண்டியின் டயர் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான். அந்த உள்ளங்கை அளவுப் பிடிமானமே ஓட்டுநரின் மொத்தக் கையிருப்பு. பிரேக் போடுவதற்கும் அதிலிருந்துதான் செலவு; வளைவதற்கும் அதிலிருந்துதான் செலவு; வேகமெடுப்பதற்கும் அதிலிருந்துதான். மாதச் சம்பளத்தில் அரிசிக்கும் வாடகைக்கும் பங்கு போடுவதைப் போன்றது இது என்று நான் புரிந்துகொண்டேன். நேராக ஓடும்போது முழுச் சம்பளத்தையும் பிரேக்குக்கே கொடுக்கலாம். வண்டி சாயத் தொடங்கியதும் பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, அந்தப் பங்கைச் சாய்வுக்கு மாற்ற வேண்டும். முழுவதும் சாய்ந்த நிலையில் பிரேக்கை அழுத்தினால் கையிருப்பு தீர்ந்து முன்சக்கரம் வழுக்கிவிடும். இன்றைய பெரும் பந்தய வண்டிகள் அறுபது பாகைக்கு மேல் சாய்கின்றன. ஓட்டுநரின் முழங்கையே தரையில் உரசுகிறது.

நான் கேட்டேன்: "கையிருப்பு எவ்வளவு என்று ஓடுகிறவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது அக்கா. வழுக்க ஆரம்பிக்கும்போதுதான் தெரியும்" என்றான்.

அவையோரே, இவ்விடத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். எல்லை என்பது கோடு கிழித்து வைக்கப்பட்ட ஒன்றன்று. தடத்தின் வெப்பம், டயரின் தேய்வு, காற்று, ஈரம் ஆகியவற்றுக்கேற்ப ஒவ்வொரு சுற்றிலும் அது இடம் மாறுகிறது. டயர் மெல்ல வழுக்குவதை இடுப்பாலும் கைப்பிடியாலும் உணர்கிற அந்தக் கணத்தில்தான், எல்லை இங்கே இருக்கிறது என்ற செய்தி வருகிறது. அச்செய்தியைப் பெறாதவர் எல்லைக்கு எவ்வளவு தொலைவில் ஓடுகிறோம் என்பதை அறியவே மாட்டார். அவர் ஒருசீராக ஓடுவதாக எண்ணிக்கொண்டிருப்பார். உண்மையில் அவர் ஒருசீராகப் பின்தங்கிக்கொண்டிருப்பார்.

தம்பியின் கதையும் இதுவே. முதல் ஆண்டு முழுவதும் அவன் ஏழாவது, எட்டாவது இடங்களில் வந்தான். ஒருமுறைகூட விழவில்லை. வீட்டில் எங்களுக்கெல்லாம் அதில் பெரிய நிம்மதி. அடுத்த ஆண்டு, ஓர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றுகளில் முன்னால் சென்ற இருவரை வளைவின் நுழைவில் முந்திவிட எண்ணி, வழக்கமாகப் பிரேக் பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் பிடித்தான். காறை எலும்பு முறிந்தது. அத்தோடு பந்தயம் முடிந்தது. 'பேராசை, ஏழாவதாகவே வந்திருக்கலாம்' என்றுதான் இத்தனை ஆண்டுகளும் நாங்கள் பேசிவந்தோம். இப்போது கேட்டபோது அவன் வேறு கணக்குச் சொன்னான். "ஒரு வருஷம் முழுக்க விழாமலே ஓட்டினேன் இல்லையா, அதுதான் தப்பு. பயிற்சி நாளில் அந்த இடத்தைத் தாண்டிப் பிரேக் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். எல்லையை முதல் முறையாகப் பந்தயத்தில் போய்ப் பார்த்தேன்" என்றான்.

இதற்கு நேர் எதிரான வழியில் சென்றவர் ஸ்பெயினின் மார்க் மார்க்கெஸ். 2017ஆம் ஆண்டில் அவர் 27 முறை விழுந்தார். அவ்வாண்டின் உலக வாகையரும் அவரே! நம்ப இயலாமல் மீண்டும் மீண்டும் சரிபார்த்தேன். விழுந்தவற்றுள் பெரும்பாலானவை பயிற்சி ஓட்டங்களிலும் தகுதிச் சுற்றுகளிலும் நிகழ்ந்தவை. புள்ளி கிடைக்காத நாள்களில் விழுந்து விழுந்து எல்லை எங்கிருக்கிறது என்று கேட்டறிந்துகொண்டு, புள்ளி உள்ள நாளில் அந்த எல்லைக்கு ஒரு நூலளவு உள்ளே ஓடினார் என்று இதனை விளங்கிக்கொள்கிறேன். பார்வையாளர் கண்ணுக்குக் கட்டுக்கடங்காதவராகத் தெரிந்தவர் புள்ளிப் பட்டியலில் ஒருசீரானவராக இருந்தார்.

ஆயினும் மார்க்கெஸின் கதையை அவ்வளவில் நிறுத்திவிடுவது நேர்மையாகாது. 2020ஆம் ஆண்டு ஜூலையில், ஹெரெஸ் தடத்தில் ஆண்டின் முதல் ஓட்டத்திலேயே, இடையில் தவறிப் பின்தங்கி, அனைவரையும் முந்திக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தபோது விழுந்தார்; வலக்கையின் மேலெலும்பு முறிந்தது. எலும்பைத் தகடு வைத்து இணைத்த சில நாள்களிலேயே மீண்டும் வண்டியேறினார். அந்தத் தகடும் பின்னர் உடைந்தது. மொத்தம் நான்கு அறுவை சிகிச்சைகள். மீண்டும் உலகப் பட்டத்தைத் தொட அவருக்கு 2025 வரை ஆயிற்று. தடத்தின் எல்லையை அத்துணை நுட்பமாக அறிந்தவர், தன் உடம்பின் எல்லையை அறியத் தவறினார்.

இன்னொருவரையும் குறிப்பிட வேண்டும். ஆஸ்திரேலியரான மிக் டூஹன் 1992ஆம் ஆண்டில் எவரும் தொட முடியாத முன்னிலையில் இருந்தார். ஹாலந்து நாட்டின் அசென் தடத்தில் விழுந்து வலக்கால் முறிந்தது. சிகிச்சையில் சிக்கல் நேர்ந்து காலையே இழக்கும் நிலை ஏற்பட்டது. நான்கு ஓட்டங்களைத் தவறவிட்டு, ஆறாத காலோடு கடைசி இரண்டில் ஓடி, 4 புள்ளிகளால் வெய்ன் ரெய்னியிடம் பட்டத்தை இழந்தார். பின்சக்கரப் பிரேக்கை அழுத்த அவருடைய வலக்கணுக்கால் பின்னர் உதவவில்லை. எனவே இடக்கைப் பெருவிரலால் இயக்கும் பிரேக் ஒன்றை வண்டியில் பொருத்திக்கொண்டார். அந்தக் காலோடும் அந்தப் பெருவிரலோடும் 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து உலகப் பட்டங்களை வென்றார். தொடர்ச்சி என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு அத்துறையில் அரிது. ஆனால் அவரை வென்ற ரெய்னியின் நிலையோ வேறு. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வாகையராக இருந்த அவர், 1993 செப்டம்பரில் இத்தாலியின் மிசானோ தடத்தில், ஓட்டத்திலும் புள்ளிப் பட்டியலிலும் முன்னணியில் இருந்தபோது விழுந்தார். அன்றிலிருந்து மார்புக்குக் கீழ் உணர்வில்லை. தவறாதவர் என்று பெயரெடுத்தவர்க்குத்தான் அது நேர்ந்தது என்பதை என்னால் எந்தக் கணக்கிலும் அடைக்க இயலவில்லை.

இப்போது நம் வள்ளுவரிடம் வருகிறேன். வலியறிதல் அதிகாரத்தில் அடுத்தடுத்து இரண்டு குறள்களில் அவர் இரு முறிவுகளைக் காட்டுகிறார். ஒன்று, மயிற்பீலியே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் முறியும் வண்டியின் அச்சு. மற்றொன்று, கிளையின் நுனிவரை ஏறியவன் அதையும் கடக்க முயன்றால் நேரும் உயிர்க்கேடு. வகுப்பறையில் இவ்விரண்டையும் 'அளவறிதல்' என்ற ஒரே கருத்தின் இரு உவமைகளாகவே பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். இம்மூன்று மாதங்களில்தான் இரண்டும் வேறு வேறு என்பது எனக்குத் தெளிந்தது. கிளை நுனியில் நேர்வது எல்லையை ஒரே அடியில் தாண்டுவதால் வரும் கேடு. அச்சு முறிவதோ அன்றாடம் இன்னும் ஒரு பீலி, இன்னும் ஒரு பீலி என்று, ஒன்றும் ஆகவில்லையே என்ற துணிவில் சேர்த்துக்கொண்டே போவதால் வரும் கேடு. விழாமல் ஓடுகிறவரும் முறிவார் என்பதை வள்ளுவர் முதலில் சொல்லிவிட்டு, பிறகுதான் தாண்டுகிறவரைப் பற்றிச் சொல்கிறார். அதே பொருட்பாலில் ஊக்கமுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார் என்பதையும் மறத்தலாகாது.

அச்சு என்றதும் எனக்கு என் தந்தையார் நினைவு வருகிறது. அவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். பணிக்காலத்தின் பெரும்பகுதி சேலம் - ஏற்காடு வழித்தடத்திலேயே கழிந்தது. இன்று நீங்கள் ஏறி வந்த இருபது வளைவுகளிலும் நாளொன்றுக்குப் பலமுறை ஏறியும் இறங்கியும் வந்தவர். ஏறுகின்ற வண்டிக்கு வழிவிட்டு நிற்பார். எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அதே கியரில் இறங்குவார். மலையுச்சியில் புறப்படும்போதே பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் முதல் வளைவுக்குள் நுழைவார். மார்கழி மூடுபனியில் ஒருமுறை வளைவொன்றில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். பயணிகள் சத்தமிட்டனர். பனி விலகும்வரை இருக்கையைவிட்டு எழவேயில்லை. பணி ஓய்வு பெறும்வரை விபத்தொன்றும் செய்யாதவர் என்று எங்கள் தெருவில் பெயர். தம்பி விழுந்தபோது, இப்படிப்பட்ட தகப்பனுக்கு இப்படியொரு பிள்ளையா என்று உறவினர் கேட்டனர். (கொண்டை ஊசி வளைவு என்ற சொல்லைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் யாரோ அறியேன், ஆனால் அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம், பணிக்குக் கிளம்பும் தந்தையாருக்குச் சோற்று அடுக்கை எடுத்துக் கொடுக்கும் என் தாயாரின் கொண்டைதான் எனக்குத் தோன்றும்.)

படிவத்தைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்கச் சென்றேன். வேண்டாம் என்று சொல்வார், அதைச் சாக்காக வைத்து நானும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்பதே என் உள்நோக்கம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். பணியில் சேர்ந்த புதிதில், மழை நாளொன்றில் பயணிகள் இல்லாத வண்டியைக் கீழே இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார். வண்டி காலிதானே என்று வளைவில் சற்று விரைந்து திருப்பியிருக்கிறார். பின்பக்கம் வழுக்கிச் சென்று தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் தொலைவில் நின்றதாம். "அன்னிக்குத்தான் அந்த மலை எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் அந்த ஒரு சாணை நெனச்சுக்கிட்டுத்தான் எறக்கினேன்" என்றார்.

முப்பது ஆண்டுகள் நாங்கள் போற்றிய அந்த ஒருசீர் ஓட்டத்தின் அடியில் ஒரு வழுக்கல் இருந்திருக்கிறது. தவறு அவருடையதுதான், அதை அவர் மறைக்கவுமில்லை. தம்பிக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு துணிவிலும் நிதானத்திலும் இல்லை. ஒருவர் தம் எல்லையை யாரும் இல்லாத வண்டியில், ஒரு சாண் மிச்சத்தில் கண்டார். மற்றவன் கண்ட இடத்தில் மிச்சம் இல்லை.

கவிஞர் பெருமக்களே, உங்கள் முகங்களைப் பார்க்கிறேன். 'இவ்வளவு நேரம் வண்டி ஓட்டிவிட்டாரே, கவிதை எப்போது வரும்' என்று நினைக்கிறீர்கள். சங்கப் பாடல்களை நினைத்துக்கொள்ளுங்கள். கபிலர் பெயரால் இருநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைக்கின்றன. பெரும்பாலானவை குறிஞ்சி. ஒரே மலை, ஒரே அருவி, ஒரே தினைப்புனம். சுற்றுக்குச் சுற்று சோராத ஓட்டம். மற்றொருபுறம் செம்புலப்பெயல்நீரார் இருக்கிறார். குறுந்தொகையில் ஒரே ஒரு பாடல். இயற்பெயரும் எஞ்சவில்லை, அப்பாடலில் அவர் அமைத்த உவமையே அவருக்குப் பெயராயிற்று. அணிலாடு முன்றிலாரும் அவ்வாறே. தொகுத்தவர் புள்ளிக் கணக்குப் பார்த்திருந்தால் இவர்களுக்கு இடமேது? தொகை நூல் என்பது பந்தயப் பட்டியல் போன்றதன்று. ஒரே ஓட்டத்தில் ஓடியவரையும் கபிலருக்கு அருகில் நிறுத்துகிறது. ஆனால் எனக்கு எப்போதும் ஓர் ஐயம் உண்டு. அந்த ஒற்றைப் பாடலுக்கு முன்னர் அந்த மனிதர் எத்தனை எழுதிக் கிழித்திருப்பார்? ஓலை என்பதால் கிழித்தல் என்ற சொல் பொருந்தாது; எரித்திருப்பார் என்று கொள்வோம். 99 மலர்களை ஒரே பாட்டில் அடுக்கிய கபிலர் குறிஞ்சிப்பாட்டில் செய்ததும் என் பார்வையில் ஓர் எல்லைத் தேடலே. ஒரு பூ கூடியிருந்தால் அது பட்டியலாகியிருக்கும். இன்னும் பாட்டாகவே இருக்கிறது.

இனி நான் சொல்லப்போவது சிலர்க்கு உவப்பாயிராது. விழா நாளில் சொல்வதற்குப் பொறுத்தருள வேண்டும். நம் வட்டம் பத்தாண்டுகளாக ஒரு மாதமும் தவறாமல் கூடிவருகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் தொலைபேசி வழியாகவேனும் கூடினோம். வரவுப் பதிவேட்டைப் புரட்டினால் கண்கள் பனிக்கின்றன. இது சிறிய செயலன்று. ஆனால் இவ்விழா மலருக்காகப் பத்தாண்டுக் கவிதைகளையும் ஒருசேரப் படிக்கும் பொறுப்பு எனக்கு வந்தபோது ஒன்றைக் கண்டேன். மூன்றாம் ஆண்டுக் கவிதையையும் ஒன்பதாம் ஆண்டுக் கவிதையையும் பெயரை மறைத்து வைத்தால் ஆளை மட்டுமன்று, ஆண்டையும் சொல்ல இயலவில்லை. கடைசி இரண்டு வரிகளில் ஒரு திருப்பம், கைதட்டல், பொன்னாடை. கைதட்டல் எங்கே கிடைக்கும் என்பது நம் எல்லார்க்கும் தெரிந்துவிட்டது. வழக்கமான இடத்தில் பிரேக் பிடிக்கிறோம். விழுவதேயில்லை.

பிறரைச் சொல்லவில்லை. என்னைத்தான் முதலில் சொல்கிறேன். இவ்வட்டத்தில் நான் படித்த கவிதைகள் நாற்பதுக்கும் மேல். அவற்றில் விழுந்த கவிதை ஒன்றேனும் உண்டா என்று தேடினேன். ஒன்று இருந்தது. ஆறாம் ஆண்டில், என் தாயார் மறைந்த பின்னர் எழுதியது. யாப்பும் கைகூடாமல், புதுக்கவிதையாகவும் நில்லாமல், நடுவில் உடைந்து போனது. படித்து முடித்தபோது அவையில் எவரும் கைதட்டவில்லை, தேநீர் வந்துவிட்டது. வெட்கத்தால் அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது நாற்பதையும் வரிசையாக வைத்துப் பார்க்கையில், அந்த ஒன்றில் மட்டும்தான் டயர் வழுக்கிய ஓசை கேட்கிறது. மீண்டும் அந்த வளைவுக்குச் சென்றிருக்க வேண்டும். நான்காண்டுகள் போய்விட்டன.

மாதக் கூட்டம் என்பது பயிற்சி நாள். மலர் என்பது பந்தய நாள். நாம் மாதக் கூட்டத்தையும் பந்தய நாளாக்கி வைத்திருக்கிறோம். இதற்குமேல் இதை நீட்ட விரும்பவில்லை. எழுத்தில் விழுந்தால் எலும்பு முறிவதில்லை என்பதையும், இவ்வுவமை அவ்விடத்தில் பொய்த்துவிடுகிறது என்பதையும் நான் அறிவேன்.

ஏனெனில் மெய்யாகவே முறிகிற இடம் ஒன்று என் கண்முன் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் இளையோர் பிரிவு ஓட்டத்தில் பெங்களூரைச் சேர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து இறந்தான். அச்செய்தியைப் படித்த இரவு நான் உறங்கவில்லை. அவன் தாயும் என்னைப்போல் ஒரு படிவத்தில் ஒப்பமிட்டிருப்பார். உலகத் தடங்களிலும் பதினைந்து, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். ஐல் ஆஃப் மேன் தீவில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள மலைச்சாலையில், மதில்களுக்கும் வீடுகளுக்கும் இடையே 1911 முதல் நடந்துவரும் பந்தயங்களில் இறந்தோர் 250க்கும் மேற்பட்டோர். அங்கே 26 முறை வென்ற ஜோயி டன்லப், 48 வயதில், 2000ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரே வாரத்தில் மூன்று ஓட்டங்களில் வென்றார். அடுத்த மாதமே எஸ்தோனியாவில் ஒரு சாலைப் பந்தயத்தில் உயிரிழந்தார். எல்லாம் அறிந்தவருக்கும் இதிலிருந்து விலக்கில்லை.

அப்படியானால் ஒப்பமிடாமல் விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கு விடை நீங்கள் வந்த வழியிலேயே இருக்கிறது. விடுமுறை நாள்களில் அடிவாரத்திலிருந்து கூட்டம் கூட்டமாக இளைஞர்கள் இம்மலைச்சாலையில் வண்டியேறுகிறார்கள். எந்த வளைவில் எவ்வளவு சாய்த்தோம் என்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்கிறார்கள். மணலும் இலைச்சருகும் எண்ணெய்க் கசிவும் உள்ள சாலை. எதிரே பேருந்து வரும் சாலை. விழுந்தால் சறுக்கிச் சென்று நிற்க வெற்றிடம் இல்லாத சாலை. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். சென்ற சித்திரையில் என் மகன் மாலையில் சற்றுத் தாமதமாக வீடு வந்தான். வண்டியின் கால்மிதி ஒருபுறம் உராய்ந்து தேய்ந்திருந்ததைத் தம்பிதான் பார்த்தான். ஓட்டுவதற்கே உரிய வயது வராத பிள்ளை, மாமாவின் பட்டறை வண்டியை எடுத்துச் சென்றிருக்கிறான். எந்த வளைவு என்று கேட்டேன். ஒன்பதாவது என்றான்.

தந்தையாரின் ஒரு சாணும் ஏறக்குறைய அதே இடம்தான்.

அன்றிரவு எனக்கு ஒன்று விளங்கிற்று. அவன் எல்லையைத் தேடத் தொடங்கிவிட்டான். தேடலாமா வேண்டாமா என்பது இனி என் கையில் இல்லை. எங்கே தேடுவது என்பதில் மட்டும் எனக்கு ஒரு சொல் இருக்கிறது. தலைக்கவசமும் தோலாடையும் அணிந்து, எதிரே வண்டி வராத தடத்தில், ஓரத்தில் சரளை பரப்பிய வெளியில், ஆம்புலன்ஸ் காத்திருக்க, கற்றுத் தருபவர் பார்த்திருக்கத் தேடட்டும் என்ற முடிவுக்கு வர எனக்கு இத்தனை நாள்கள் ஆயின. அது பாதுகாப்பானது என்று நான் உங்களிடம் சொல்லவில்லை. அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் இவையெல்லாம் இருந்தன.

சென்ற வியாழக்கிழமை ஒப்பமிட்டேன். இரண்டு நிபந்தனைகள் விதித்தேன். முதலாவது, ஏற்காட்டுச் சாலையில் அவன் வண்டியைத் தொடக்கூடாது. மலைக்கு வருவதாயின் பேருந்தில்தான் வரவேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு பயிற்சி நாளிலும் எங்கே வழுக்கிற்று, எங்கே விழுந்தான் என்பதை ஒரு நோட்டில் எழுதி என்னிடம் காட்ட வேண்டும். முதலாவதற்கு உடனே ஒத்துக்கொண்டான். இரண்டாவதற்கு, "நீங்களும் அப்படி ஒரு நோட்டு வைப்பீர்களா?" என்று கேட்டான். வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் என் முறை வருகிறது. தாயாரைப் பற்றிய அந்தப் பழைய கவிதையை மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இம்முறையும் நடுவில் உடைகிறது. உடைந்ததை அப்படியே கொண்டுவந்து படிப்பேன். தேநீரைச் சற்றுத் தாமதமாகக் கொண்டுவரச் சொல்லுமாறு அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

என் மகன் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறான். பேருந்தில்தான் வந்தான். ஏரிப்பக்கம் பனி இறங்கத் தொடங்கிவிட்டதாக வெளியே நிற்பவர்கள் சைகை காட்டுகிறார்கள். இருட்டுவதற்குள் இறங்கும் வண்டியை நாங்கள் பிடிக்க வேண்டும்.